செவ்ராவின் இடதுகால்

உ

வட்டக்கச்சி,
கிளிநொச்சி.
11.05.2025

அன்புள்ள மகள் கம்சாவுக்கு,

மேலே இருக்கிற பிள்ளையார் சுழி அப்பா போட்டது. நான் வெறுந்தாளில் எழுதத் தொடங்கியதைக் கண்டுவிட்டு, கனடா வரைக்கும் போகிற கடிதம் மொட்டையாகப் போகக்கூடாதென்று பேனையை வாங்கிப் போட்டுவிட்டுப் போனார். நாங்கள் இருவரும் சுகம், அதாவது அப்பாவின் சீனி வருத்தமும் என் முதுகு நோவும் போன மாதம் இருந்த அளவிலேயே நிற்கின்றன, கூடவுமில்லை குறையவுமில்லை. நீயும் அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டு நேரத்துக்குப் படுத்துச் சுகமாக இருப்பாய் என்று எழுதுவதுதான் முறை, எழுதுகிறேன், நம்புவதற்குத்தான் என்னிடம் ஆதாரம் இல்லை. பெட்டியைத் திறந்தவுடன் துணியை அவிழ்க்காமல் முதலில் இதை வாசி. நீ கேட்ட உருவம் உள்ளே இருக்கிறது. ஆனால் அது இங்கிருந்து புறப்படுவதற்கு முன் நடந்தவற்றை ஒழுங்காகச் சொல்லவேண்டும், போனில் சொல்லத் தொடங்கினால் நீ இடையில் வெட்டுகிறாய், நானும் பாதியில் வேறு கதைக்குப் போய்விடுகிறேன். நாற்பது நிமிடம் ஒரு இரசாயனத் தாக்கத்தைப் பற்றித் தடுமாறாமல் படிப்பிக்கிற எனக்கு இந்த விஷயத்தில் எதை முதலில் சொல்வது என்றே தெரியவில்லை.

ஊர்ப் புதினம் பெரிதாக ஒன்றுமில்லை. இரணைமடுக் குளத்துத் தண்ணீர்க் கூட்டத்தில் இம்முறை சிறுபோகத்துக்கு எங்களுக்கு ஒரு ஏக்கர்தான் பங்கு விழுந்தது, அப்பா இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்துவிட்டு மூன்றாம் நாள் விதைநெல்லை ஊறப்போட்டார். கிணற்றடி மாமரத்தில் குரங்குகள் மிச்சம் விட்டதைத்தான் நாங்கள் சாப்பிடுகிறோம். இனி உன்னுடைய கதைக்கு வருகிறேன். உன் செவ்ராவைப் பற்றி நீ மூன்று வருடமாகச் சொல்லி எனக்கு விளங்கியது இவ்வளவுதான். அவள் ஒரு தொலைக்காட்சித் தொடரில் வருகிறவள், விண்கப்பல் திருத்துகிறவள், இடதுகால் முழங்காலுக்குக் கீழே பளபளக்கிற உலோகம், அதைத் திறந்தால் உள்ளே திருகாணிச் சாவியும் சுத்தியலும் இருக்கும். உலகம் முழுவதும் அவளில் பைத்தியமான பிள்ளைகள் அவளைத் தங்கள் பாட்டுக்கு வரைகிறார்கள், உருவம் செய்கிறார்கள், அவளைப் போல உடுத்துக்கொண்டு மண்டபங்களில் கூடுகிறார்கள். அவளை உண்டாக்கிய கொம்பனிக்கு இதில் கோபம் இல்லையா, யாரைக் கேட்டுச் செய்கிறீர்கள் என்று நான் ஒருமுறை கேட்டேன். அன்பிலே செய்யிறதுக்கு ஆரும் கேக்கிறேல்லை அம்மா என்று சொன்னாய். அந்த வசனத்தை நான் அப்போது பெரிதாக எடுக்கவில்லை.

மார்ச் முதற்கிழமை உன் பெட்டி வந்தது. அறை மாறுகிறேன், சாமான்களை அங்கே அனுப்புகிறேன், பத்திரமாக வைத்திருங்கோ என்று எழுதியிருந்தாய். திறக்கவேண்டாம் என்று எழுதவில்லை. எழுதியிருந்தாலும் பலன் இருந்திருக்குமோ தெரியாது, வெளிநாட்டுப் பெட்டி வந்து அதைத் திறக்காமல் அலுமாரிக்கு மேலே ஏற்றி வைத்த வீடு கிளிநொச்சியில் இருந்தால் எனக்கும் காட்டு. யார் போய்ச் சொன்னதோ, அப்பாவின் தங்கை ராஜினி மாமி அடுத்த நாள் காலை அக்கராயனில் இருந்து பஸ் ஏறி வந்துவிட்டார், வந்ததும் தேத்தண்ணி கூடக் குடிக்காமல் கத்தி எங்கை மச்சாள் என்றுதான் கேட்டார். நீ பார்த்துப் பார்த்துச் சேர்த்த அந்தப் பதினொரு சின்ன உருவங்களும் கண்ணாடி போன்ற பெட்டிகளுக்குள் இருந்தன அல்லவா, பதினொன்றையும் மாமி பத்து நிமிடத்தில் உரித்துப் போட்டார். பெட்டிக்குள் மடித்திருந்த சேட்டுகளில் செவ்ராவின் படத்தைப் பார்த்துவிட்டு, இந்தப் பெட்டை ஏன் மூஞ்சையை இப்பிடி வைச்சிருக்கிறாள், சீதனம் குறைஞ்சு போச்சோ என்றார். சேட்டுகள் எல்லாம் அறுவடைக்கு வந்தவர்களுக்குப் போயின, ஒரு கிழமை முழுவதும் எங்கள் வயலில் நெல்மூட்டை தூக்கியவர்களின் முதுகில் எல்லாம் செவ்ரா கோபமாகப் பார்த்துக்கொண்டு நின்றாள். சின்ன உருவங்கள் அயல் வீடுகளுக்குப் போயின, அவற்றில் ஒன்று பரமேஸ்வரனின் ஓட்டோவில் பிள்ளையாருக்குப் பக்கத்தில் இப்போதும் நிற்கிறது, தனிய இருந்த மனிசனுக்கு ஒரு பேச்சுத்துணை என்கிறான். உரிக்காத பெட்டிக்குத்தான் மதிப்பு அம்மா என்று நீ பிறகு போனில் அழுதாய். திறந்தால் மதிப்புக் கெடுகிற ஒரு பொருளை மனிதர் எதற்கு வாங்குகிறார்கள் என்று நான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஆனாலும் நீ அழுதது எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது, அதை அப்போது சொல்லவில்லை.

அந்தப் பெரிய உருவத்தைக் கொடுத்தது மாமி இல்லை, நான். அன்று பின்னேரம் தெருவுக்கு அங்கால் முன்வளவில் இருக்கிற ஞானேஸ்வரி அன்ரி என் பிளவுஸ்களைத் தைத்துக்கொண்டு வந்தார். வீடு முழுவதும் கிழிந்த கடதாசி, எல்லோர் கையிலும் ஏதோ ஒன்று, அவருக்குக் கொடுக்க ஒன்றும் மிஞ்சவில்லை. பெட்டியின் அடியில் துணி சுற்றியபடி ஒன்றரைச் சாண் உயரத்தில் இது இருந்தது, கால் மறைய நீளக் கோட்டுப் போட்ட ஒரு பெண் என்பதற்கு மேல் நான் ஒன்றும் பார்க்கவில்லை. கம்சா தன் கையால் செய்தது, நீர் வைத்திரும் என்று கொடுத்துவிட்டேன். பிள்ளை செய்ததோ என்று இரண்டு கையாலும் வாங்கினார். நீ வீட்டுக்குள் சத்தம் கூடினால் கொப்பியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற இடம் அவருடைய தையல் மெசினடிதானே, அதனால் அவருக்குக் கொடுத்தால் நீ ஒன்றும் சொல்லமாட்டாய் என்றுதான் நினைத்தேன். என் பிழை அங்கேதான் தொடங்குகிறது.

பிறகு மார்ச் கடைசியில், உயர்தர வகுப்பில் ஒரு பிள்ளை கொண்டுவந்த கோவையின் அட்டையில் ஒரு படத்தைப் பார்த்தேன். செவ்ராதான், அந்த மூஞ்சை எனக்கு இப்போது பழகிவிட்டது. விண்கப்பலின் ஒரு மூலையில் இருந்து கிழிந்த எதையோ தைத்துக்கொண்டிருக்கிறாள். கழற்றிய கால் பக்கத்துச் சுவரோடு சாய்ந்து நிற்கிறது. அது உலோகக் கால் இல்லை. மண்ணிறப் பிளாஸ்ரிக், தோல்பட்டி, றப்பர்ப் பாதம், மேல்விளிம்பில் உரசாமல் சுற்றிய சேலைக்கரைத் துண்டு. சுவரின் நீலமும் யன்னலும் மெசினின் சில்லும் ஞானேஸ்வரி அன்ரியின் முன்னறையில் இருப்பவை. பாதத்தின் விரல்களுக்குச் சிவப்பு நகப்பூச்சுப் போட்டிருந்தாய், அது மட்டும் எனக்கு விளங்கவில்லை. படத்தின் மூலையில் உன் எழுத்து. இதை யார் வரைந்தது என்று அந்தப் பிள்ளையைக் கேட்டேன். தெரியாது ரீச்சர், இன்ரநெற்றிலை எடுத்தது, கனபேர் வைச்சிருக்கினம் என்றாள். என் மகள் என்று வாய்வரை வந்தது, சொல்லவில்லை. பெருமையில் வந்ததா பயத்தில் நின்றதா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. அன்றைக்குத்தான், அந்த உருவத்தின் நீளக் கோட்டுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் கொடுத்துவிட்டேனே என்ற யோசனை வந்தது. அன்ரி அந்தப் பொய்க்காலை எப்படி மறைத்து வைத்திருக்கிறார் என்று உனக்குத் தெரியும். நிலம் தொட உடுப்பார், கோயில் வாசலில்கூடக் கடைசியாகத்தான் செருப்பைக் கழற்றுவார், நீ கனடாவுக்கு வெளிக்கிட்ட அன்று எடுத்த படத்திலும் கதிரைக்குப் பின்னால் போய் நின்றவர். சொந்தக் கால் எப்படிப் போனது என்று நாங்கள் ஒருநாளும் கேட்டதில்லை, அவர் சொன்னதுமில்லை.

இரண்டு கிழமை நான் அந்தப் பக்கம் போகவில்லை. ஏப்ரலில் நீ போன் எடுத்து, அந்தப் பெரிய உருவம் எங்கை அம்மா, அதுதான் மூலம், அதை வைத்துத்தான் அச்செடுத்து இருநூறு செய்யப்போகிறேன், யூன் கடைசியில் கண்காட்சியில் எனக்கு மேசை கிடைத்திருக்கிறது, மூன்று வருடம் காத்திருந்து கிடைத்தது என்று சொன்னபோது வேறு வழியில்லாமல் போனேன். உருவம் மெசின் மேசையில் நூற்கட்டைகளுக்கு நடுவில் நின்றது, கோட்டு இல்லாமல். நான் வாயைத் திறப்பதற்கு முன் அவரே சொன்னார். தையல் எப்பிடி எண்டு பாக்கக் கோட்டைத் தூக்கினனான் ரீச்சர், மடிப்பு மகா மோசம், என்னட்டைப் பழகின பிள்ளை எண்டு வெளியிலை சொல்லேலாது, தூக்கிப் பாத்தால் கீழை என்ரை கால் நிக்குது. சொல்லிவிட்டு ஊசியில் நூல் கோத்தார். உருவத்தின் விரல்களிலும் அதே சிவப்பு, இந்த நகப்பூச்சு என்ன என்று கேட்டேன். உனக்குப் பத்து வயதாம், ஒருநாள் நகப்பூச்சுப் போத்தலோடு போய், மற்றக் காலுக்கு மட்டும் ஏன் அன்ரி போட்டிருக்கிறியள், இது பாவமெல்லோ என்று சொல்லிவிட்டுச் சுவரோடு சாய்ந்திருந்த காலை மடியில் எடுத்து வைத்து ஐந்து விரலுக்கும் பூசினாயாம். அந்தக் கால் தேய்ந்து வேறு கால் வந்த பிறகும் பாதத்தை எறியவில்லையாம். இது எனக்கு இவ்வளவு நாளும் தெரியாது, கம்சா.

நான் மறைக்கவில்லை. படத்தை என் போனில் காட்டினேன், எத்தனை ஆயிரம் பேர் பார்த்திருக்கிறார்கள் என்று சொன்னேன், உருவத்தை இருநூறு செய்து விற்கப்போகிறாய் என்றும் சொன்னேன். இருநூறு காலோ, நான் ஒண்டுக்கு அளவு குடுக்கவே ஆஸ்பத்திரியிலை ரெண்டு மாதம் திரிஞ்சனான் என்று சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு கன நேரம் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, வடிவாத்தான் இருக்கு, பிள்ளை ஏன் ரீச்சர் என்னட்டை ஒரு சொல்லுக் கேக்கேல்லை என்றார். நான் உனக்காக வாதாடினேன். அந்தச் செவ்ராவே அவளுடையது இல்லை, ஒரு கொம்பனியுடையது, அவர்களையும் இந்தப் பிள்ளைகள் கேட்பதில்லை, அன்பிலே செய்வதற்குக் கேட்பதில்லை என்பது அங்கே வழக்கம் என்று நீ சொன்னதை நீ சொன்னபடியே சொன்னேன். அதற்கு அவர் சொன்ன மறுமொழியைத்தான் நான் உனக்குப் போனில் சொல்லத் தொடங்கினேன், நீ கேட்கவில்லை. அவை கொம்பனிக்காரர், அவையை ஆருக்குத் தெரியும், கேட்டென்ன விட்டென்ன, நான் முன்வளவெல்லோ என்றார். நீ அன்று, அது மரியாதை அம்மா, அவவை ஒருத்தரும் பாக்கிறேல்லை, நான் பாக்க வைச்சிருக்கிறன், உங்களுக்கு விளங்காது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாய்.

விளங்கவில்லை என்பது உண்மைதான். செயல்முறைக் கொப்பி ஒன்றின் பின்பக்கத்தில் கோடு போட்டு இரண்டு பக்கமும் எழுதிப் பார்த்தேன். ஒரு பக்கத்தில், நீ கேலி செய்யவில்லை, அந்தக் கொம்பனி போட்ட பளபளப்பான காலைக் கழற்றி எறிந்துவிட்டு இங்கே மனிதர் போட்டு நடக்கிற காலைப் போட்டிருக்கிறாய், அந்தக் காலோடு ஒருத்தி விண்கப்பல் ஓடவைக்கிறாள், அதைப் பார்த்து எங்கேயோ இருக்கிற பிள்ளைகள் சந்தோஷப்படுகிறார்கள். மற்றப் பக்கத்தில், அந்தக் கால் ஒருவருடையது, அவர் அதை மூடி வைத்திருந்தார், உனக்கு மட்டும் காட்டினார். இரண்டும் சரியாகவே இருக்கின்றன, சமப்படுத்த முடியவில்லை. இன்னொன்றையும் எழுதிவிட்டு வெட்டினேன், இங்கே எழுதுகிறேன். அவர் படி ஏறும்போது நான் பதினைந்து வருடமாக மற்றப் பக்கம் பார்த்திருக்கிறேன், பார்க்காமல் விடுவதுதான் மரியாதை என்று யாரும் சொல்லித்தராமலே பழகியிருக்கிறேன். நீ அதை மடியில் வைத்துப் பூசியிருக்கிறாய். எங்கள் இருவரில் யார் அவருக்கு மரியாதை கொடுத்தது என்று கேட்டால் இப்போது என்னால் சொல்ல முடியாது. அதற்காக நீ செய்தது சரி என்று நான் சொன்னதாக எடுக்காதே.

நேற்றுச் சனிக்கிழமை பின்னேரம் அன்ரி தானாகவே வந்தார். குசினி வாசலில் கதிரை போட்டேன், இருக்கவில்லை. கையில் இந்தத் துணிப்பொதி. நீ தைத்திருந்த கோட்டைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்று தைத்திருக்கிறார், என் பச்சைப் பிளவுஸில் வெட்டி மிஞ்சிய துணி, ஓரம் எல்லாம் அடித்து மடிப்பு நூல் பிடித்தாற்போல நேராக இருக்கிறது, உட்பக்கத்தைத் திருப்பிப் பார், வேண்டுமென்றேதான் அப்படித் தைத்திருக்கிறார். பிள்ளையின்ரை சாமான் பிள்ளையிட்டைப் போகட்டும் ரீச்சர், அவள் கஷ்டப்பட்டுச் செய்தது, மேசையும் கிடைச்சிருக்கு, ஆனால் கால் என்ரை, அது என்னட்டை நிக்கட்டும் என்றார். அந்தக் காலைக் கழற்றிப் பூட்டுகிற மாதிரி நீ செய்திருக்கிறாய் என்பது எனக்கு அப்போதுதான் தெரியும். அவர் முதல் நாளே கண்டுபிடித்திருக்கிறார். கழற்றிய காலை மெசின் மேசை இழுப்பு லாச்சியில் பொத்தான் பேணிக்குள் வைத்திருக்கிறாராம். அவள் கேட்டால் கொடுப்பீரோ என்று கேட்டேன். அவள் கேக்கேக்கை பாப்பம் என்றார். அது ஓமா இல்லையா என்று முகத்தில் தேடினேன், ஒன்றும் கிடைக்கவில்லை. படலையடியில் நின்று திரும்பி, குளிருக்குக் கால்மேசு போடுறவளோ என்று உன்னைக் கேட்டார். போடுவாள் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

அதனால் உருவம் வருகிறது, இடதுகால் வரவில்லை. நீ நினைத்தால் இன்னொரு கால் செய்து பூட்டிவிடலாம், உன் கைக்கு அது இரண்டு நாள் வேலை, படங்களும் உன்னிடம் இருக்கும். அது எனக்குத் தெரியும், அன்ரிக்கும் நன்றாகத் தெரியும், தெரிந்துதான் அனுப்புகிறார். யூனுக்கு இன்னும் நாள் இருக்கிறது. நான் ஒன்றும் சொல்லமாட்டேன், சொன்னால் அது என் பேச்சாகிவிடும், பிறகு நீ என்னோடு சண்டைபிடித்துவிட்டு அலுவல் முடிந்ததென்று இருப்பாய். அன்ரியிடம் இருப்பது பட்டன் போன், குறுஞ்செய்தி போடாதே, எடுத்துக் கதை. பின்னேரம் ஐந்து மணிக்கு மெசினை நிறுத்திவிடுவார், அங்கே அப்போது காலை ஏழரை, நீ வேலைக்கு வெளிக்கிட முதல். இலக்கம் இந்தத் தாளின் பின்பக்கத்தில் இருக்கிறது. சின்னவற்றில் ஏழு உருவங்களை நான் வீடு வீடாகப் போய் வாங்கி அலுமாரியில் வைத்திருக்கிறேன், பெட்டிகள் இல்லை, மன்னித்துக்கொள். பரமேஸ்வரன் மட்டும் தரமாட்டானாம்.

கனகாம்பிகை அம்மன் உன்னை ஒரு குறையுமில்லாமல் காப்பாற்றுவா என்று எழுதச் சொல்லி அப்பா பக்கத்தில் நிற்கிறார். என் பங்குக்கு, நல்லாயிரு பிள்ளை, இரவுச் சாப்பாட்டை விடாதே, கால்மேசு போடு. இனித் துணியை அவிழ்க்கலாம். உருவத்தை மேசையில் நிறுத்திப் பார்க்காதே, விழுந்துவிடும். சுவரோடு சாய்த்து வை.

இப்படிக்கு,
உன் அம்மா
பிரியந்தினி